தங்கை மகளின் அளவுக்கு ஒரு நடைவண்டி

பூவரசுப் பலகையில் நான் செய்த நடைவண்டி இப்போது திருச்சியில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வழுவழுப்பான டைல்ஸ் தரையிலும் அது குழந்தையை முந்திக்கொண்டு ஓடுவதில்லை. அவள் கைப்பிடியைப் பற்றித் தொங்கினாலும் அவள்மேல் சாய்வதில்லை. மரத்தை அறுத்து இழைத்துப் பூட்டுவதற்கு ஆன நேரத்தைவிட இந்த இரண்டு குணங்களையும் அதற்குள் கொண்டுவருவதற்கே அதிக நேரம் ஆயிற்று. ஒரு வயதுக் குழந்தைக்குத் தன் கையாலேயே பரிசு ஒன்றைச் செய்து கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்த அளவுகள் பயன்படும் என்பதால், செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

முதல் பிறந்தநாளுக்குத் தாய்மாமன் வெள்ளிக் கொலுசோ அரைஞாணோ வாங்கிச் செல்வது எங்கள் வழக்கம். கொலுசை அம்மாவே முன்கூட்டி வாங்கிவிட்டார். குழந்தை நாள்தோறும் கையில் எடுத்துப் புழங்கும் பொருள் ஒன்று என் பங்காக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். முதலில் நினைத்தது பனையோலைக் கிலுகிலுப்பை. எளிதில் பின்னிவிடலாம் என்றாலும் அதைக் குலுக்கி மகிழும் வயதை அவள் கடந்திருந்தாள். காய்ந்த ஓலையின் விளிம்பு உதட்டைக் கிழிக்கும் என்ற அச்சமும் இருந்தது. இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பழைய கிலுகிலுப்பைகளுக்குள் ஓசைக்காகக் குன்றிமணி போடுவதுண்டு. அந்த மணியின் பருப்பில் கொடிய நஞ்சு இருக்கிறது. ஓலை பிரிந்து மணி வெளியே வந்து, தோல் உடைந்த ஒன்றைக் குழந்தை விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்து. வீட்டில் அப்படி ஒரு பழைய கிலுகிலுப்பை இருந்தால், அழகுக்காகக்கூட அதைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்.

அடுத்து அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை எண்ணிப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்த பொம்மைகள் அவை; ஆனால் எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் கட்டைவிரல் அளவுச் சொம்பையும் உரலையும் கொடுக்க இயலாது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் எந்தத் துண்டு சிறியது என்பதை அறிய ஓர் அளவுக்குழாய் உண்டு. அதன் விட்டம் 31.7 மி.மீ.; அடி சாய்வானது என்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறு பக்கம் 57.1 மி.மீ. அழுத்தாமல் போட்டதும் முழுதாக அதற்குள் அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. சார்ட் அட்டையை இந்த அளவுக்கு உருட்டி ஒட்டி ஒரு குழாய் செய்துகொண்டேன். வேலை முடியும்வரை அது பட்டறை மேசையிலேயே இருந்தது.

உட்கார்ந்தபடியே காலால் உந்திச் செல்லும் பிளாஸ்டிக் வாக்கரை உறவினர் ஒருவர் வாங்கித் தர முன்வந்தார். அதை நான் தடுத்தேன். நடக்கத் தெரியாத குழந்தைக்கு அது பெரும் வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. படியிலிருந்து உருண்டு விழும் விபத்துகளின் காரணமாகவே கனடா அந்த வகை வாக்கர்களின் விற்பனையை 2004இல் முற்றிலுமாகத் தடை செய்தது. தங்கை வீட்டில் கூடத்தை ஒட்டியே மாடிப்படி இறங்குகிறது.

உண்மையில், எதைச் செய்ய வேண்டும் என்பதைக் குழந்தையே காட்டினாள். பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு அங்கே சென்றிருந்தபோது, அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து, கட்டில் முடிந்த இடத்தில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியைப் பற்றி, அதைத் தரையில் தேய்த்துத் தள்ளிக்கொண்டே சமையலறை வாசல்வரை போனாள். தள்ளுவதற்கு ஏற்ற பொருளை அவள் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தாள். கடைகளில் தொங்கும் மூன்று சக்கர நடைவண்டியை வாங்கிவிடலாம் என்றாள் தங்கை. ஆனால் அந்த வண்டிகளின் கைப்பிடி பெரும்பாலும் ஒரே உயரத்தில் இருக்கிறது. பூச்சில் என்ன சேர்ந்திருக்கிறது என்று விற்பவருக்கும் தெரிவதில்லை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், தெருவோரத்தில் தொங்குகிற வண்டியில் அந்த முத்திரையை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே அளவெடுத்தேன். சுவரோரம் நிற்க வைத்துப் பார்த்தபோது உயரம் 74 செ.மீ. முழங்கையை மடித்த நிலையில் தரையிலிருந்து முழங்கைவரை 43 செ.மீ. கைப்பிடி முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால்தான் குழந்தை அதன்மேல் எடையைப் போட்டு நிற்க முடியும். நெஞ்சுக்கு நேராக இருந்தால் தொங்கத்தான் முடியும். ஆகவே 42 செ.மீ. என்று முடிவு செய்தேன். ஒன்றரை வயதுக்குள் ஆறேழு சென்டிமீட்டர் வளர்ந்துவிடுவாள் என்பதால், கைப்பிடியைத் தாங்கும் கம்பங்களில் 47 செ.மீ. உயரத்தில் இன்னொரு துளை.

கைப்பிடியின் பருமனைத் தீர்மானித்தது சமையலறை. சுவரில் சாய்த்து வைத்திருக்கும் மத்தை அவள் நாள்தோறும் எடுத்து வந்து தரையில் தட்டுகிறாள் என்று தங்கை சொன்னாள். மத்தின் காம்பைச் சுற்றி அவளுடைய கட்டைவிரலும் நடுவிரலும் எப்படிச் சேருகின்றன என்று பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன்: விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன, பிடி நழுவவில்லை. காம்பின் பருமன் 22 மி.மீ. பூரிக்கட்டையின் நடுப்பகுதியைக் கொடுத்தபோது இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பென்சிலைக் கொடுத்தபோது விரல்களுக்கிடையில் நழுவவிட்டாள். எந்த அளவு அட்டவணையிலும் கிடைக்காத அந்த 22 மி.மீ. கைப்பிடியின் அளவாயிற்று.

மரத்தில் கை வைப்பதற்கு முன் முக்கால் அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு மாதிரி செய்தேன். மூட்டுகளுக்குப் பசை போடவில்லை. அவ்வப்போது கழற்றி நீளத்தை மாற்ற வேண்டியிருந்தது. சக்கரத்துக்குப் பதிலாக அடியில் பழைய காலுறைகளைச் சுற்றிவிட்டால் டைல்ஸ் தரையில் தாராளமாகச் சறுக்குகிறது. இதற்கான 320 ரூபாய் வீண் செலவு என்று தோன்றலாம். முழுச் செலவிலும் அதிகப் பயன் தந்தது அதுதான்.

கடை வண்டிகளைப் பார்த்து, பின்பக்கச் சட்டம் ஒன்று தரையோடு குறுக்கே போகும்படியும், கைப்பிடி பின்னோக்கிச் சாயும்படியும் மாதிரியை அமைத்திருந்தேன். அவள் எழுந்து நிற்பதற்காகக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்ததுமே முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. கைப்பிடி பின் சக்கரத்துக்கு நேர் மேலேயோ பின்னாலோ இருந்தால், குழந்தை அழுத்தும் எடையே வண்டியை அவள்மேல் கவிழ்க்கிறது. கைப்பிடியைப் பின் சக்கரங்களுக்கு 6 செ.மீ. முன்னால் நகர்த்தியதும் அது நின்றது. ஆனால் அடியெடுத்து வைக்கும்போது அவளுடைய கால்விரல்கள் குறுக்குச் சட்டத்தில் இடித்தன. இரண்டும் ஒருசேரத் தீர வேண்டுமானால் வண்டியின் பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். இரண்டு பக்கச் சட்டங்களின் முனையில் தனித்தனியே ஒவ்வொரு சக்கரம், நடுவே குழந்தையின் கால்கள் நுழைய இடம், குறுக்குச் சட்டம் 18 செ.மீ. முன்னால் என்று மாற்றினேன். கடை வண்டிகளில் பின் அச்சு முழுநீளத்துக்குப் போவதால் செய்வது எளிது. ஆனால் கால் இடிப்பதற்கும் வண்டி கவிழ்வதற்கும் அந்த அச்சுதான் காரணம் என்பது இப்போது எனக்கு உறுதி.

மரம் வீட்டிலேயே இருந்தது. வேதாரண்யம் பக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையில் நின்ற பூவரசு, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலில் வேரோடு சாய்ந்தது. நானும் தங்கையும் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதி வளர்ந்தவர்கள் என்பதால் விறகாக்க மனமில்லாமல் அப்பா அதை ஒன்றேகால் அங்குலப் பலகைகளாக அறுத்துப் பரணில் ஏற்றி வைத்தார். ஆண்டுக்கணக்கில் காற்றாடக் காய்ந்த மரம். உளுத்துப்போகவில்லை, முறுக்கிக்கொள்ளவும் இல்லை. இழைப்புளி ஓட்டியபோது மேலே சாம்பல் படிந்திருந்த பலகையின் உள்ளே வைரம் பாய்ந்த நடுமரம் சாக்லேட் நிறத்தில் வெளிப்பட்டது. இழைத்த பிறகு 28 மி.மீ. கனம் நின்றது.

பக்கச் சட்டங்கள் இரண்டும் 50 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். பின்பக்கம் அவற்றின் இடைவெளி 34 செ.மீ.; முன்னால் குறுகிக்கொண்டே வந்து 9 செ.மீ. ஆகிறது. குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி (இதுதான் கழுந்து), பக்கச் சட்டத்தின் துளையில் செருகிப் பூட்டினேன். சட்டங்கள் சாய்வாகச் செல்வதால் கழுந்தின் தோளும் சாய்வாக இருக்க வேண்டும். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் இங்கே உதவாது. தரையில் வண்டியின் முழு அளவுப் படத்தைச் சாக்பீஸால் வரைந்து, சட்டங்களை அதன்மேல் வைத்து, குறுக்குச் சட்டத்தில் நேரடியாகக் கோடு இழுத்துக்கொள்வதே பிழையில்லாத வழி. கழுந்து 10 மி.மீ. கனம், 25 மி.மீ. நீளம். ஃபெவிகால் தடவி இறுக்கி, மறுநாள் ஒவ்வொரு மூட்டுக்கும் 6 மி.மீ. மூங்கில் ஆணி அடித்தேன். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. மரம் சுருங்கினால் இரும்பாணி தலை தூக்கும். மூங்கில் ஆணியோ மரத்தோடு சேர்த்து இழைத்துவிடக்கூடியது.

சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொல்லையில் பழைய வேரடியிலிருந்து துளிர்த்து வளர்ந்த பூவரசின் கிளை ஒன்று 12 செ.மீ. விட்டத்தில் இருந்தது. அதைக் குறுக்கே வில்லை வில்லையாக அறுத்தால் வளையங்கள் தெரியும் அழகான சக்கரங்கள் கிடைக்கும் என்று அறுத்தேன். ஒரு வாரத்திற்குள் எல்லா வில்லைகளும் விளிம்பிலிருந்து நடுவரை பிளந்துவிட்டன. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் அதிகமாகவும், நடுவிலிருந்து விளிம்பை நோக்கிய போக்கில் குறைவாகவும் சுருங்குகிறது. முழு வில்லையில் அந்த இழுவிசைக்கு விட்டுக்கொடுக்க இடமில்லாததால் ஒரு வெடிப்பு வந்தே தீரும். காய்ந்த பலகையிலிருந்து வட்டமாக வெட்டினாலும் முழுத் தீர்வு ஆகாது. கீழே விழுந்தால் இழையின் போக்கில் இரண்டாகப் பிளக்கும்.

நல்ல சக்கரத்துக்கு, அறுவை மில்லில் பலகையை நடுவே பிளந்து, 12 மி.மீ. கனத்துக்கு இழைத்த இரண்டு துண்டுகளை ஒன்றின் இழை மற்றொன்றின் குறுக்கே போகும்படி ஒட்டினேன். மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டு, பிறகு கடைசல் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். பின் சக்கரங்கள் 12 செ.மீ. விட்டம், முன் சக்கரம் 10 செ.மீ.; கனம் 24 மி.மீ. சுற்று விளிம்பில் 20 மி.மீ. அகலத்துக்கு 2 மி.மீ. ஆழப் பள்ளம் கடைந்து தரச் சொன்னேன். பழைய ஸ்கூட்டர் ட்யூபைக் குறுக்கே 20 மி.மீ. அகலத்துக்கு வெட்டினால் கிடைக்கும் ரப்பர் வளையம், இழுத்துப் போட்டதும் அந்தப் பள்ளத்தில் பசையே இல்லாமல் கவ்விக்கொள்கிறது. சைக்கிள் ட்யூப் இதற்குப் போதாது, அவ்வளவு விரியாது. ட்யூபின் உட்புறம் இருக்கும் வெள்ளைப் பொடியைச் சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும்.

கைப்பிடியையும் அங்கேயே தேக்குத் துண்டில் கடைந்து வாங்கினேன். கடைசல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அரக்குச் சாயக் கட்டியை மரத்தில் அழுத்தினால், சூட்டில் உருகி நிறம் ஏறிவிடும். சன்னபட்டணத்துப் பொம்மைகள் மினுமினுப்பது அந்த முறையால்தான். “சிவப்பு, மஞ்சள் ரெண்டும் இருக்கு தம்பி, ஏத்தித் தரவா?” என்று பட்டறைக்காரர் ஆவலோடு கேட்டார். அரக்கில் தீங்கில்லை, ஆனால் அந்தக் கட்டிகளில் கலந்த நிறப்பொடி எதுவென்று அவருக்கும் தெரியவில்லை. பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிக்கப்போவது கைப்பிடியைத்தான் என்பதால் நிறமில்லாமலே வாங்கி வந்தேன். இந்தியாவில் வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பூச்சுகள் அந்த விதிக்குள் வருவதில்லை. எனவே மீந்து கிடக்கும் ஏதோ ஒரு டப்பாவைத் திறந்து பொம்மைக்கு அடித்துவிடக் கூடாது.

பின் சக்கரங்களை மாட்ட 10 மி.மீ. போல்ட்டும், தானாகக் கழன்றுவிடாத நைலாக் நட்டும் வாங்கினேன். போல்ட்டின் தலை சக்கரத்துக்குள்ளேயே புதையும்படி குழி செய்து, மேலே 40 மி.மீ. விட்டமுள்ள மர வில்லையை ஒட்டி மூடினேன். அட்டைக் குழாயில் அந்த வில்லை நுழையவில்லை. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, செருப்புத் தைப்பவரிடம் வெட்டி வாங்கிய 4 மி.மீ. கனத் தோல் வளையம். இந்தக் கனத்துக்கு ஒரு காரணம் உண்டு: அசையும் பாகங்களுக்கு நடுவில் உள்ள சந்து 5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் குழந்தையின் விரல் நுழையாது, 12 மி.மீ.க்கு மேல் இருந்தால் நுழைந்தாலும் மாட்டிக்கொள்ளாது. இடைப்பட்ட அளவுதான் விரலை நசுக்கும். முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் 15 மி.மீ.க்குக் குறையாமல் இடம் விட்டேன்.

முன் சக்கரம் அச்சோடு சேர்ந்து சுழல்கிறது. அந்த அச்சில் சதுரக் கட்டை ஒன்றைக் கோத்து, அதன்மேல் மூங்கில் சிம்பு ஒன்று அழுந்தி நிற்கும்படி செய்தேன். ஒரு சுற்றுக்கு நான்கு முறை சிம்பு விழுந்து ‘டக்’ என்று ஒலிக்கும். சக்கரத்தின் சுற்றளவு 31 செ.மீ. என்பதால் ஏறத்தாழ 8 செ.மீ.க்கு ஓர் ஒலி. சிம்பின் கனம் 2 மி.மீ.க்கு மேல் போனால் வண்டி நகர மறுக்கிறது, ஒரு மி.மீ.க்குக் கீழே போனால் ஓசையே எழுவதில்லை. பச்சை மூங்கிலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, வளைந்தபடியே நின்றுவிடும். சதுரக் கட்டையும் சிம்பும் கைக்கு எட்டாதபடி மேலே பலகையும் கீழே மெல்லிய ப்ளைவுட்டும் வைத்து மூடினேன்.

பூச்சு பூசுவதற்கு முன்னரே ஓட்டிப் பார்த்தது நல்லதாயிற்று. சாய்வைச் சோதிக்க, பின் சக்கரங்களுக்குப் பின்னால் செங்கல் வைத்துத் தடுத்து, காய்கறி நிறுக்கும் கொக்கித் தராசைக் கைப்பிடியில் மாட்டிப் பின்னோக்கி இழுத்தேன். 1.3 கிலோ இழுப்பிலேயே முன் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. வண்டியின் எடை 3.2 கிலோ, ஒன்பது கிலோக் குழந்தைக்கு அது ஈடுகொடுக்காது. எடையை முன்பக்கம் ஏற்ற வேண்டும். மணல் மூட்டை ஒருநாள் பிரியும். விதைகளோ கற்களோ கொட்டினால் வாய்க்குப் போகும். கிரானைட் கடையில் கழித்துப் போட்டிருந்த 18 மி.மீ. கனத் துண்டு ஒன்றை 25 செ.மீ.க்கு 18 செ.மீ. என்று வெட்டித் தரச் சொன்னேன். 2.2 கிலோ இருந்தது. சட்டங்களின் பின்பகுதியில் அதற்கு இடம் தாராளம். ஆனால் முன்னால் குறுகும் பகுதியில் செருக முடியாததால், சட்டங்களின் மேலே, முன்பலகைக்கு அடியில் ஒரு பெட்டிபோல் கட்டி, கல்லின் நடுப்பகுதி பின் சக்கரங்களிலிருந்து 32 செ.மீ. முன்னால் இருக்கும்படி புதைத்தேன். மறுபடி இழுத்தபோது 3 கிலோவில்தான் முன்பக்கம் எழுந்தது. கைப்பிடியும் முன்தள்ளி இருப்பதால், கீழ்நோக்கி எவ்வளவு அழுத்தினாலும் கவிழவில்லை.

அடுத்தது வேகம். ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தி, எந்த உயரத்தில் வண்டி தானாக உருளத் தொடங்குகிறது என்று பார்த்தேன். நட்டைத் தளர்வாக வைத்திருந்தபோது 2 செ.மீ. உயரத்திலேயே ஓடியது. இப்படிப்பட்ட வண்டி, தள்ளிய மாத்திரத்தில் குழந்தையின் கையைவிட்டுப் போய்விடும். அவள் முகம் குப்புற விழுவாள். நட்டை இறுக்க இறுக்கத் தோல் வளையம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது, 7 செ.மீ. உயரம்வரை அசையாமல் நிற்கும்படி வைத்தேன். மூங்கில் சிம்பின் அழுத்தமும் இதில் ஒரு பங்கு என்பது, அதைக் கழற்றிவிட்டு மீண்டும் சோதித்தபோது தெரிந்தது. ஓசைக்காக மட்டும் வைத்ததாக நான் நினைத்திருந்த பாகம் முன் சக்கரத்துக்குத் தடையாகவும் வேலை செய்கிறது. அச்சுக்கு எண்ணெயோ மெழுகோ போடவே கூடாது.

பிறகு தேய்ப்பு வேலை. விளிம்புகள் எல்லாவற்றையும் அரத்தால் 3 மி.மீ. உருட்டி, 80, 120, 220 எண் உப்புத்தாள்களை வரிசையாக ஓட்டினேன். அதன் பிறகு ஈரத்துணியால் மரம் முழுவதையும் நனைத்துக் காயவிட்டால் இழைகள் முள்போல எழுந்து நிற்கும். அவற்றை மீண்டும் 220 எண்ணால் தேய்த்துவிட வேண்டும். எச்சில் படும் பொருளுக்கு இதைச் செய்யாவிட்டால், முதல் வாரத்திலேயே மரம் சொரசொரப்பாகிவிடும்.

பூச்சுக்குச் செக்கில் ஆட்டிய ஆளிவிதை எண்ணெயையும் தேன்மெழுகையும் நான்குக்கு ஒன்று என்ற எடையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் கலந்தேன். தேங்காயெண்ணெய் உலர்வதில்லை, நாளடைவில் சிக்கு நாற்றம் அடிக்கும். பெயிண்டுக் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகளைச் சேர்ப்பார்கள் என்பதால் அதையும் தவிர்த்தேன். செக்கெண்ணெய் மெதுவாகத்தான் உலரும். மெல்லிய பூச்சாகப் பூசி, துடைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு வாரம் விட வேண்டும். மூன்று பூச்சுக்கு மூன்று வாரம். பிறந்தநாளைக் கணக்கிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் இந்த மூன்று வாரத்தைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.

முன்பலகையின் மேலே அவளுடைய செல்லப் பெயரைச் சால்டரிங் கம்பியால் சுட்டு எழுதினேன். அடியில் மரம் நின்ற ஊர், விழுந்த நாள், வண்டி செய்த ஆண்டு ஆகியவை இருக்கின்றன. ஸ்டிக்கரோ ஒட்டு எழுத்தோ இல்லை. அவை உரிந்து வாய்க்குப் போகும்.

செலவுக் கணக்கு: அறுவை மில்லுக்கு 200 ரூபாய், கடைசலுக்கு 450, போல்ட்டு நட்டு வாஷருக்கு 140, தோல் வளையத்துக்கு 40, பசைக்கு 110, உப்புத்தாளுக்கு 90, எண்ணெய்க்கும் மெழுகுக்கும் 260, மாதிரி செய்த பி.வி.சி. குழாய்க்கு 320, கிரானைட் வெட்டுகூலி 50, பழைய ட்யூபுக்கு 30. ஆகமொத்தம் 1,690 ரூபாய். மரம் வீட்டு மரம். விலைக்கு வாங்குவதானால் பூவரசுக்குப் பதிலாக ரப்பர் மரமோ மாமரமோகூடப் போதும். காய்ந்ததாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

பிறந்தநாளன்று அவள் முதலில் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பின் சக்கரத்தை விரலால் சுழற்ற முயன்றாள். இறுக்கமாக இருந்ததால் அது சுழலவில்லை. பிறகு கைப்பிடியின் கம்பத்தைப் பிடித்து எழுந்து, கைப்பிடியை மத்தைப் பிடிப்பதுபோலவே பற்றி, இரண்டடி தள்ளிவிட்டு, ‘டக் டக்’ எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தாள். முன்பக்கம் எழவில்லை. “அண்ணா, ஓடவே மாட்டேங்குதே, கொஞ்சம் லூஸ் பண்ணேன்” என்று தங்கை சொன்னாள், வேண்டாம் என்றேன். குழந்தை தடுமாறும் இடத்தில் வண்டியும் நின்றுவிடுவதை அன்று மாலைக்குள் தங்கையே பார்த்துவிட்டாள்.

இன்னொரு வண்டி செய்வதானால் சிலவற்றை மாற்றுவேன். கல்லைப் பின்யோசனையாகப் பெட்டி கட்டிச் சேர்க்காமல், தொடக்கத்திலேயே முன்பக்க இடைவெளியை 20 செ.மீ. ஆக்கிச் சட்டங்களுக்குள் தாழ்வாக இறக்குவேன். எடை கீழே இருந்தால் வண்டி இன்னும் உறுதியாக நிற்கும். கருப்பு ரப்பர் வெளிர்நிற டைல்ஸில் மங்கலான கோடு போடுகிறது. துடைத்தால் போய்விடுகிறது என்றாலும் பழுப்பு நிற ரப்பர் கிடைத்தால் அதையே போடுவேன். நட்டை இறுக்க, வண்டியைக் கவிழ்த்து நீளமான பாக்ஸ் ஸ்பேனரை உள்ளே விட வேண்டியிருக்கிறது. நட்டு இருக்கும் குழியை இன்னும் அகலமாக்கினால் வீட்டில் இருப்பவர்களே எளிதாக இறுக்கிக்கொள்ளலாம். தோல் தேயத் தேய மாதம் ஒருமுறை கால் சுற்று இறுக்க வேண்டியிருப்பதால் இது சிறிய விஷயம் அல்ல. இரண்டு ஜதைத் தோல் வளையங்களைக் கூடுதலாக வெட்டித் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது மறுபடி குழந்தையை அளந்து, முழங்கை 48 செ.மீ.ஐத் தொட்டிருந்தால் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியை மேல் துளைக்கு ஏற்ற வேண்டும்.